கிளிப் போட்டால் ஏன் இத்தனை மாதம்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு பல் சீரமைப்பு மருத்துவர். வரிசை தப்பி முளைத்த பற்களுக்குக் கிளிப் போட்டு நேராக்குவது என் தொழில். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். எக்ஸ்ரே எடுத்து, பல் அச்சு எடுத்து, எல்லாம் பார்த்து முடித்ததும் பெற்றோரிடம், "ஒன்றரை வருஷத்திலிருந்து இரண்டு வருஷம் வரைக்கும் ஆகும்" என்பேன். உடனே ஒரு கேள்வி வரும். "அவ்வளவு நாளுங்களா டாக்டரம்மா? கம்பிய இன்னும் கொஞ்சம் இறுக்கி முறுக்கிவிட்டா சீக்கிரம் நேராயிடாதுங்களா?"

பாலக்கோட்டிலிருந்து வருகிறவரும் இதைக் கேட்கிறார், பர்கூரிலிருந்து வருகிறவரும் இதையே கேட்கிறார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பிள்ளைக்கு லீவு சொல்லி, இரண்டு பஸ் மாறி வருகிறவர்களுக்கு இதைக் கேட்க எல்லா உரிமையும் உண்டு. வெளியே பத்துப் பேர் காத்திருக்கும்போது இரண்டு நிமிடத்தில் இதற்குப் பதில் சொல்லிவிட முடிவதில்லை. இன்று வானொலியில் நேரம் கிடைத்திருக்கிறது. பொறுமையாகச் சொல்கிறேன்.

பல்லை நகர்த்துவது கம்பி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கம்பி தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். நகர்த்தும் வேலையைச் செய்வது தாடை எலும்பு. அது தன் வேகத்தில்தான் செய்யும்.

பல்லின் வேர் தாடை எலும்போடு நேராக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ச்சவ்வு ஒன்று சுற்றிலும் இருக்கிறது. அதன் தடிமன் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குள் ஆயிரக்கணக்கான நார்கள், ரத்தக் குழாய்கள், நரம்பு நுனிகள், விதவிதமான செல்கள் எல்லாம் இருக்கின்றன. சோற்றில் கல் கடிபட்டதும் தாடை சட்டென்று நின்றுவிடுகிறதே, அந்தத் தகவலை மூளைக்கு அனுப்புவது இந்தச் சவ்வுதான். கிளிப் வைத்தியம் முழுக்க இந்தச் சவ்வை நம்பித்தான் நடக்கிறது.

கம்பி பல்லை ஒரு பக்கமாகத் தள்ளும்போது, பல் போகிற பக்கத்தில் சவ்வு நசுங்குகிறது. எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபடுகின்றன. நசுங்கும் பக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, சில வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. அவை எலும்பைக் கரைக்கும் செல்களை அந்த இடத்துக்கு வரவழைக்கின்றன. ஏறக்குறைய இரண்டு நாளில் அவை வந்து, எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துப் பல்லுக்கு வழிவிடுகின்றன. இழுபடும் பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்கள் வேலை தொடங்கி, பல் விட்டுவந்த இடத்தைப் புது எலும்பால் நிரப்புகின்றன. வயல் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வரப்பைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டுமென்றால் ஒரு பக்கம் மண்ணைச் செதுக்கி மறுபக்கம் மண் அணைத்துக்கொண்டே போவோம் இல்லையா? தாடைக்குள் நடப்பதும் அதுதான். பல் மட்டும் நகர்வதில்லை, பல் உட்கார்ந்திருக்கும் குழியே அதனோடு சேர்ந்து நகர்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சான்ட்ஸ்டெட் என்ற ஆராய்ச்சியாளர் 1904இலேயே நாய்களின் பல்லில் கருவி பொருத்தி, அந்த எலும்பை நுண்ணோக்கியில் வைத்து இதைக் காட்டிவிட்டார்.

சரி, இறுக்கி முறுக்கினால் என்ன ஆகும்? அழுத்தம் அதிகமானால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் அடியோடு நின்றுவிடும். ரத்தம் போகாத இடத்தில் செல்கள் செத்துப்போகும். எலும்பைக் கரைக்க அங்கே ஆள் இருக்காது. உடம்பு வேறு வழி தேடி, எலும்பின் உட்புறத்திலிருந்து குடைந்துகொண்டு வர வேண்டியிருக்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை பல் நின்ற இடத்திலேயே நிற்கும், வலி மட்டும் இருக்கும். வேர் நுனி கரைந்து குட்டையாகும் ஆபத்தும் கூடும். ஆக, கெட்டியாக இறுக்கினால் பல் வேகமாக நகராது. மெதுவாகத்தான் நகரும், சேதத்தோடு நகரும்.

எவ்வளவு அழுத்தம் தேவை என்று கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள். ஒரு பல்லைச் சாய்த்து நகர்த்த 35 முதல் 60 கிராம் போதும். வேரோடு சேர்த்து நேராக நகர்த்த 70 முதல் 120 கிராம். இறங்கி நிற்கும் பல்லை எலும்புக்குள் மேலே ஏற்ற வேண்டுமென்றால் வெறும் 10, 20 கிராம். இந்தச் சின்ன அழுத்தம் விடாமல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அப்படி இருந்தால் பல் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகரும். கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கடைவாய்ப்பல் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் அகலம். இடம் போதாமல் அதை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியை மூடுவதென்றால் அதற்கு மட்டுமே 7 மாதம் வேண்டும். அதற்கு முன்னால் கோணல் மாணலாக நிற்கும் பற்களை ஒரு வரிசைக்குக் கொண்டுவர நாலைந்து மாதம், பின்னால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று பொருந்தும்படி நுணுக்கமாகச் சரிசெய்யச் சில மாதம். நீங்களே கூட்டிப் பாருங்கள்.

வலியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்பி மாட்டிய உடனே வலிக்காது. சில மணி நேரம் கழித்துத் தொடங்கி, அடுத்த நாள் அதிகமாக இருந்து, நாலைந்து நாளில், அதிகம் போனால் ஒரு வாரத்தில், அடங்கிவிடும். தேவைப்பட்டால் டாக்டரிடம் கேட்டுப் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை வாங்கி நாள்கணக்கில் போடாதீர்கள். எலும்பைக் கரைக்கும் செல்களை வரவழைக்கும் வேதிப்பொருளையே அந்த மாத்திரைகள் தடுக்கின்றன. பல் நகர்வதை அவை மந்தமாக்குவதை விலங்கு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

இனிக் கருவியைப் பார்ப்போம். ஒவ்வொரு பல்லிலும் ஒட்டும் சின்னஞ்சிறு கட்டைக்குப் பிராக்கெட் என்று பெயர். அதன் நடுவே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் கம்பி போகும். கம்பி நழுவாமல் இருக்கக் குட்டி ரப்பர் வளையம் மாட்டுவோம். பிள்ளைகள் நீலம், சிவப்பு என்று நிறம் கேட்டு வாங்குவது இந்த வளையத்தைத்தான். முதலில் போடும் கம்பி நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் ஒன்றில் வில்லியம் பியூலர் கண்டறிந்தது. எத்தனை வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பி வருவது இதன் குணம். ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் என்ற பல் மருத்துவப் பேராசிரியர் 1970களின் தொடக்கத்தில் இதை வாய்க்குள் கொண்டுவந்தார். கோணலாக நிற்கும் பல்லின் பள்ளங்களில் இந்தக் கம்பியை வளைத்து மாட்டிவிட்டால், அது தன் வடிவத்துக்குத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். அந்த முயற்சிதான் நான் சொன்ன சின்ன அழுத்தம். இதன் தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

வரிசை ஓரளவு வந்தபிறகு குறுக்கே வெட்டிப் பார்த்தால் சதுரமாகவோ செவ்வகமாகவோ தெரியும் எஃகுக் கம்பிக்கு மாறுவோம். உருண்டைக் கம்பி பள்ளத்துக்குள் சுழலும். செவ்வகக் கம்பி சுழலாது, பல்லின் தலையோடு வேரையும் சேர்த்துத் திருப்பும். பல்லின் தலை மட்டும் நேராகி, வேர் சாய்ந்தே கிடந்தால் அது நிலைக்காது. லாரன்ஸ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்க மருத்துவர், கிளிப்பே போடாமல் இயற்கையாக நல்ல வரிசையில் பல் அமைந்த 120 பேரின் பல் அச்சுகளை அளந்து, எந்தப் பல் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதை 1972இல் வெளியிட்டார். இன்று நாங்கள் ஒட்டும் பிராக்கெட்டுகளில் அந்தச் சாய்வுகள் ஏற்கெனவே செதுக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் மேல் முன்பல்லுக்கு உரியதைக் கோரைப்பல்லில் ஒட்ட முடியாது.

பிராக்கெட்டைப் பல்லில் ஒட்டும் பேச்சு வந்தால், நம் மாவட்டங்களுக்கே உரிய ஒரு சங்கதியைச் சொல்லாமல் போக முடியாது.

பென்னாகரம், காரிமங்கலம், ஊத்தங்கரைப் பக்கமெல்லாம் பல்லில் பழுப்புக் கோடு விழுந்தவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருப்பீர்கள். சரியாகப் பல் துலக்காததால் வந்த கறை அல்ல அது. நம் பூமி கெட்டிப் பாறை பூமி. அந்தப் பாறைகளில் உள்ள சில தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் அதிகபட்சம் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரை, நிரந்தரப் பற்கள் ஈறுக்கு உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது பிறந்ததிலிருந்து சுமார் 8 வயதுக்குள், குழந்தை தொடர்ந்து குடித்தால் பல்லின் மேற்பூச்சான எனாமல் சரியாக உருவாகாது. வெள்ளைத் திட்டாகவோ பழுப்புப் பட்டையாகவோ பல் வெளியே வரும்.

இந்தப் பற்களில் கிளிப் ஒட்டுவது கடினம். 1955இல் மைக்கேல் பியூனோகோர் என்பவர், எனாமல் மேல் பாஸ்பாரிக் அமிலத்தைச் சில நொடிகள் தடவிக் கழுவினால் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் உண்டாகும், அதில் பசை நன்றாகப் பிடிக்கும் என்று கண்டுபிடித்தார். அதற்கு முன்பு ஒவ்வொரு பல்லுக்கும் உலோக வளையம் மாட்டித்தான் கிளிப் போட வேண்டியிருந்தது. நாங்களும் இன்று அமிலம் தடவித்தான் ஒட்டுகிறோம். ஆனால் ஃபுளோரைடு ஏறிய எனாமல் அமிலத்துக்கு எளிதில் வசப்படாது. அமிலத்தைக் கூடுதல் நேரம் வைக்க வேண்டும், சில பற்களில் மேற்பரப்பை லேசாக உரசிவிட வேண்டும், பசையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவ்வளவு செய்தும் மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு விழுவதைவிட நம் பிள்ளைகளுக்குப் பிராக்கெட் அதிகமாகக் கழன்று விழலாம். அதனால் ஒரு வேண்டுகோள். பிராக்கெட் விழுந்து வந்தால், "உனக்கு அக்கறையே இல்லை" என்று பிள்ளையை அடிக்காதீர்கள். எத்தனையோ முறை குற்றம் பிள்ளையுடையது அல்ல, அது குடித்து வளர்ந்த தண்ணீருடையது.

இன்னொன்று. "பல்லே காவி புடிச்சுக் கெடக்குது, இதுக்குப் போயி எதுக்குங்க கிளிப்பு?" என்று சொல்லித் தயங்கும் பெற்றோர் உண்டு. தயங்க வேண்டாம். எனாமலில் நிறம் மாறியிருப்பதால் எலும்பு நகர மறுப்பதில்லை. முதலில் வரிசையைச் சரிசெய்துவிட்டு, கிளிப்பைக் கழற்றியபிறகு நிறத்துக்கு வைத்தியம் பார்க்கலாம். கறையை நுண்ணிய அளவில் உரசி எடுப்பது, வெண்மையாக்குவது, பசைப் பூச்சு வைப்பது என்று வழிகள் இருக்கின்றன. முன்னுக்குப் பின்னாக, முதலில் பூச்சு வைத்துவிட்டு அப்புறம் கிளிப்புக்கு வருவதுதான் வீண் செலவு.

ஒகேனக்கல்லில் காவிரி நீரை எடுத்து நம் இரண்டு மாவட்டங்களுக்கும் கொடுக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானின் ஜைக்கா நிறுவனக் கடனுதவியோடு முடிக்கப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதும் அந்தத் திட்டத்தின் நோக்கம். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போதுதான் கிளிப் போடும் வயதுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டில்கூட, சமைக்க மட்டும் போர் தண்ணீர் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். பருப்பு வேகும் தண்ணீரும் டீ போடும் தண்ணீரும் உடம்புக்குள்தான் போகிறது. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீரையே எடுங்கள். போர் தண்ணீரை விட்டால் வழியில்லை என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் அதைக் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.

எந்த வயதில் கிளிப் போடுவது என்ற கேள்விக்கு வருகிறேன். போடுவது பெரும்பாலும் 11லிருந்து 14 வயதுக்குள். காட்ட வேண்டியது 7 வயதில். 7 வயதில் வந்தால் உடனே கம்பி மாட்டிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "வருஷம் ஒரு தடவை காட்டுங்கள்" என்று அனுப்பிவிடுவோம். அந்த வயதில் மேல் முன்பற்களுக்கு நடுவில் இடைவெளி இருப்பது சகஜம். 11, 12 வயதில் கோரைப்பல் இறங்கும்போது அது பெரும்பாலும் தானாகவே மூடிவிடும். 7 வயதில் நாங்கள் தேடுவது வேறு. கை சூப்பும் பழக்கம் விடவில்லையா, வாயால் மூச்சு விடுகிறதா, கீழ்ப்பல் மேல்பல்லுக்கு வெளியே வந்து கடிக்கிறதா, கீழ்த்தாடை பின்தங்கி வளர்கிறதா என்று பார்ப்போம். தாடை வளர்ந்துகொண்டிருக்கும்போது இவற்றை எளிதில் திருத்தலாம். வளர்ச்சி நின்றபிறகு சிலவற்றுக்கு அறுவைச் சிகிச்சைதான் வழி என்றாகிவிடும்.

பால் பல்லை அலட்சியப்படுத்துவதைப் பற்றி எனக்கு நிறையவே வருத்தம் உண்டு. "விழப்போற பல்லுதானே" என்று சொத்தையை அப்படியே விட்டு, வலி வந்ததும் பிடுங்கிவிடுகிறார்கள். முன்பக்கப் பால் பல் 6லிருந்து 8 வயதுக்குள் விழும், உண்மை. கடைவாய்ப் பால் பல் 10, 12 வயது வரை இருந்தாக வேண்டும். அது தனக்குக் கீழே வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. 6 வயதில் அதைப் பிடுங்கினால், பின்னால் முளைக்கும் பெரிய கடைவாய்ப்பல் முன்னே சரிந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். நிரந்தரப் பல் வரும்போது இடமில்லாமல் தெத்தி நிற்கும். பிடுங்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், அந்த இடத்தைக் காத்து வைக்க ஒரு சின்னக் கம்பி வளையம் போடலாம். இரண்டு வருஷ வைத்தியத்தையே சில சமயம் அந்த வளையம் தவிர்த்துவிடும். எங்கள் தொழிலில் இதைவிடப் பயனுள்ள வேலை குறைவு என்று நினைக்கிறேன்.

நிரந்தரப் பல்லை எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. தாடை சின்னது, பல் பெரியது என்றால் நாலு சின்னக் கடைவாய்ப்பற்களை எடுத்துத்தான் இடம் உண்டாக்க வேண்டியிருக்கும். உடனே பாட்டி சொல்லிவிடுவார், "மேல்பல்லப் புடுங்குனா கண்ணு மங்கிடும் கண்ணு, வேண்டாம்." கண்ணில் பார்வையைக் கொண்டுபோகும் நரம்பு வேறு, பல்லுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை குறையாது. அதற்காக எல்லோருக்கும் பல் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. அளவெடுத்துக் கணக்குப் போட்டபிறகுதான் தெரியும். எக்ஸ்ரே கூட எடுக்காமல் முதல் நாளே பல்லை எடுக்கச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

கோணலான பல் எல்லாவற்றையும் நேராக்கியே தீர வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். கடி சரியாக இருந்து, துலக்கவும் எட்டுகிறது என்றால், லேசான தெத்துப்பல்லோடு நன்றாக வாழலாம். பல் இறங்கி எதிர் ஈறைக் கடிப்பது, சாப்பாட்டை மெல்ல முடியாமல் இருப்பது, எடுப்பான முன்பல் விளையாட்டில் அடிபட்டு உடையும் நிலை, சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பெண் பிள்ளை, இவைதான் எனக்கு முக்கியம். வயது தடையில்லை. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய், சொந்தச் சம்பளத்தில் 23, 24 வயதில் கிளிப் போட வரும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும். ஈறும் எலும்பும் ஆரோக்கியமாக இருந்தால் 40 வயதிலும் பல் நகரும்.

சாப்பாட்டில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. கிளிப் போட்டவர்களுக்குக் கேழ்வரகுக் களியைவிட நல்ல சாப்பாடு நான் சொல்ல முடியாது. கடிக்க வேண்டியதில்லை, கீரைக் கடைசலில் தொட்டு விழுங்கினால் போதும், கம்பி மாட்டிய மறுநாள் வலியிலும் இறங்கும். கூடாதவை முறுக்கு, தட்டை, கடலை உருண்டை, தேங்காய்ச் சில்லு, கரும்பு, மக்காச்சோளக் கதிர். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மாம்பழ சீசனில் சோதனைதான். மாம்பழம் தாராளமாகச் சாப்பிடலாம், துண்டு போட்டு. கொட்டையைக் கடித்துச் சப்பினால் பிராக்கெட் கையோடு வரும். சர்க்கரை போட்ட புளி மிட்டாய் கம்பியில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கும். அந்த ஆபத்து, கடித்து மெல்லும்போது பிராக்கெட் விழும் ஆபத்தைவிடப் பெரிது. பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு நின்றால் ஒரே மாதத்தில் பல்லில் வெள்ளைத் தழும்பு விழத் தொடங்கும். அது எளிதில் போகாது. ராத்திரி படுக்கும் முன் கம்பிக்கு மேலும் கீழும் பிரஷ்ஷைச் சாய்த்துத் தேய்க்கட்டும். துப்பத் தெரிந்த பெரிய பிள்ளைக்குக் கிளிப் இருக்கும் காலத்தில் ஃபுளோரைடு கலந்த பேஸ்ட் நல்லது. பல் உருவாகி முடிந்துவிட்டதால் பேஸ்ட்டால் புதிதாகப் பழுப்பு வராது. சின்னக் குழந்தை பேஸ்ட்டை விழுங்குவதுதான் ஆபத்து.

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். "வைகாசியில முகூர்த்தம் வெச்சிருக்கோம், அதுக்குள்ள பொண்ணுக்குப் பல்லு நேராகணும்" என்று மாசி மாதத்தில் வருவார்கள். மூன்று மாதத்தில் முடியாது என்று நான் சொன்னதும் வேறு இடம் போய், நல்ல பல்லைச் சீவி, வேர் சிகிச்சை செய்து, மேலே உறை போட்டு ஒரு வாரத்தில் நேராக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பார்க்க நேராகத்தான் இருக்கும். சொத்தையே இல்லாத பல்லைச் சீவி அதன் உயிரை எடுத்துவிட்ட பிறகு, அந்த உறையை வாழ்நாளில் எத்தனை முறை மாற்ற வேண்டியிருக்கும் என்று யாரும் அந்தப் பெண்ணிடம் சொல்வதில்லை. 20 வயதுப் பெண்ணுக்கு இதைச் செய்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கிளிப்போடு மணமேடையில் உட்கார்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. வேண்டுமென்றால் பல் நிறத்திலேயே செராமிக் பிராக்கெட் இருக்கிறது. கம்பி இல்லாத, கழற்றி மாட்டும் தெளிந்த பிளாஸ்டிக் அலைனரும் இருக்கிறது. அதை ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் போடும் ஒவ்வொரு தகடும் பல்லைக் கால் மில்லிமீட்டர் அளவுதான் நகர்த்தும். கம்பியாக இருந்தாலும் தகடாக இருந்தாலும் உள்ளே வேலை செய்வது அதே எலும்புதான். ஆன்லைனில் நீங்களே அச்சு எடுத்து அனுப்பி, எந்த டாக்டரும் ஈறைப் பார்க்காமல், எக்ஸ்ரே எடுக்காமல் வரவழைக்கும் தகடுகள் வேண்டவே வேண்டாம்.

பல் டாக்டர் படிப்பு முடித்தபின் மூன்று வருஷம் இந்தத் துறையில் மட்டும் எம்.டி.எஸ். படித்தவர்கள்தான் பல் சீரமைப்பு நிபுணர்கள். யாரிடம் போவதானாலும் படிப்பைக் கேளுங்கள். செலவு பெரும் கவலையாக இருந்தால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்குத் தனித் துறை இருக்கிறது. நம் பகுதிக்குக் கிட்டத்தில் இருப்பது பெங்களூர் அரசு பல் மருத்துவக் கல்லூரி. தூரம்தான், மாதாமாதம் போய்வர முடியுமா என்று முதலிலேயே யோசித்துக்கொள்ள வேண்டும்.

மாதாமாதம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம் மாவட்டத்திலிருந்து வேலைக்காகப் பெங்களூர், திருப்பூர் என்று குடும்பத்தோடு போகிறவர்கள் அதிகம். கிளிப் போட்ட பிள்ளையும் கூடவே போய்விடும். ஆறு மாதம், எட்டு மாதம் யாரிடமும் காட்டாமல் வாயில் கம்பியோடு திரியும். ரப்பர் வளையம் வலுவிழந்து, பிராக்கெட் இரண்டு விழுந்து, கம்பி கன்னத்தில் குத்தி, பல் நாம் நினைக்காத திசையில் போயிருக்கும். ஊர் மாறப்போகிறீர்கள் என்றால் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எக்ஸ்ரே, பல் அச்சு, இதுவரை செய்த வைத்தியத்தின் குறிப்பு எல்லாம் எழுதிக் கொடுப்பார். போகிற ஊரில் இன்னொருவர் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். எங்கும் தொடர முடியாது என்றால், கழற்றிவிடச் சொல்லுங்கள். பார்க்க ஆளில்லாத கிளிப் வாயில் இருப்பதைவிடக் கிளிப் இல்லாமல் இருப்பது நல்லது.

கடைசியாக, கிளிப் கழற்றும் நாள். அன்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பல் நேராகத் தெரியும். உள்ளே வேலை இன்னும் முடியவில்லை. வேரைச் சுற்றிய சவ்வு சீராக மூன்று, நான்கு மாதம் ஆகும். ஈறில் இருக்கும் நார்கள் பழைய நிலையை மறக்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அதுவரை அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். அதைத் தடுக்கத்தான், பல்லைப் புது இடத்திலேயே பிடித்து வைக்கும் ரிடெய்னர் என்ற கருவியைக் கொடுக்கிறோம். முதல் மாதங்களில் சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுக்க, அதன்பிறகு ராத்திரியில் மட்டும், வருஷக்கணக்கில் போட வேண்டும். பின்பக்கம் ஒட்டிவிடும் மெல்லிய கம்பியும் உண்டு, அதைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றும் ரிடெய்னரைப் பேப்பரில் சுருட்டித் தட்டோரம் வைக்காதீர்கள், எச்சில் இலையோடு போய்விடும். சுடுதண்ணீரில் கழுவினால் வளைந்துவிடும். அதற்கென்று ஒரு டப்பா வாங்கிக்கொள்ளுங்கள். தொலைந்துவிட்டால் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று விடாமல் அந்த வாரமே வாருங்கள். கிளிப் போட ஆரம்பிக்கும் முதல் நாளே, ரிடெய்னருக்கு எவ்வளவு ஆகும், எத்தனை நாள் போட வேண்டும் என்பதையும் டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி. வணக்கம்.